திரையை விலக்கினீர்கள், வண்டி எங்கே? ஃபார்முலா ஒன் அணிகளுக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒரு திறந்த மடல்

ஃபார்முலா ஒன் கார் பந்தய அணிகளின் வடிவமைப்புப் பிரிவினருக்கும், அவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு வெளியீட்டு விழாவை நடத்துகிற விளம்பரப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். உங்கள் ஊர்ப் பக்கம் நான் வந்ததில்லை, வரப்போவதாகவும் தெரியவில்லை. ஆனால் வருஷா வருஷம் ஜனவரி, பிப்ரவரியில் நீங்கள் ஒவ்வொருவராகப் புது வண்டியைத் திறந்து காட்டும்போது, இங்கே ஒரு சின்னக் கூட்டம் அதைப் பிரித்து மேய்ந்துகொண்டிருக்கும். அந்தக் கூட்டத்தின் சார்பில்தான் இந்த மடல். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மேடையில் நிற்பது ஓடப்போகிற வண்டியா, பார்வைக்கு வைத்த பொம்மையா என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். இதை ஏன் கேட்கிறோம் என்ற விளக்கம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் கடைக்கு அடுத்தது ஃப்ளெக்ஸ் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றுக்கும் பேனர் அடிக்கிற அண்ணாச்சி. ராத்திரி கடை அடைத்த பிறகு அவர் கம்ப்யூட்டர் முன்னால்தான் கூடுவோம். பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மச்சான் வருவார். பணகுடிப் பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கிற தம்பி ஒருவன், லீவு கிடைத்தால் வருவான். ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் வாத்தியார் ஒருவர் உண்டு. எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் ஆரம்பிப்பார். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும் என் அக்கா மகள் போனில் வந்து சேர்ந்துகொள்வாள்.

திருநெல்வேலிக்கும் ஃபார்முலா ஒன்னுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒன்றுமில்லை. கோவையிலிருந்து நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணிக்கு ஓட்டினார், சென்னையிலிருந்து கருண் சந்தோக் 2010-ல் ஹிஸ்பானியா அணிக்கு ஓட்டினார். இரண்டு ஊரும் எங்களுக்கு ரொம்ப வடக்கே. ஆனால் பந்தய வண்டியை எப்படிப் பார்ப்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எங்கள் பக்கம் கோயில் கொடையை ஒட்டி மாட்டு வண்டிப் பந்தயம் நடக்கும். பெரிய மாட்டு வண்டி, சின்ன மாட்டு வண்டி, பூஞ்சிட்டு என்று பிரிவுகள். வண்டிகளைக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்துவதற்கு முன்னால் ஆட்கள் சுற்றிச் சுற்றி வருவார்கள். மாட்டின் காலைப் பார்ப்பார்கள், அச்சைப் பார்ப்பார்கள், நுகத்தடி எப்படிக் கட்டியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பார்கள். யாரும் ‘தள்ளிப் போ’ என்று விரட்டுவதில்லை. போன வருஷத்து வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்துக் காட்டிவிட்டு, பந்தயத்தன்று வேறு வண்டியைப் பூட்டுகிற பழக்கமும் அங்கே கிடையாது.

உங்களிடம் அந்தப் பழக்கம் இருக்கிறது.

2022-ஐ எடுத்துக்கொள்வோம். வண்டிக்கும் தரைக்கும் நடுவே காற்றை வேகமாக ஓடவிட்டு, அந்த உறிஞ்சலால் வண்டியைத் தரையோடு அழுத்துகிற வித்தை 1982-ஓடு தடைபட்டிருந்தது. நாற்பது வருஷம் கழித்து 2022 விதிகள் அதை மறுபடி உள்ளே விட்டன. எந்த அணி என்ன யோசித்திருக்கிறது என்று உலகமே காத்திருந்த வருஷம் அது. பிப்ரவரி 9 அன்று ரெட் புல் அணி ஆர்பி18 என்ற தன் புது வண்டியை வெளியிட்டது. மேடையில் நின்றதோ, புது விதிப்படி வண்டி இப்படித்தான் இருக்கும் என்று 2021 ஜூலையில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்தில் ஃபார்முலா ஒன் நிர்வாகமே காட்டிய மாதிரி வண்டி. அதற்கு ரெட் புல் நிறம் பூசியிருந்தார்கள். அசல் ஆர்பி18 பிப்ரவரி 23 அன்று பார்சிலோனாவில் சோதனை ஓட்டத்துக்கு வெளியே வந்தபோது, மேடையில் பார்த்ததற்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அந்த அசல் வண்டியில்தான் அவர்கள் டிரைவர் வெர்ஸ்டாப்பன் அந்த வருஷம் 15 பந்தயங்களை ஜெயித்தார்.

அடுத்த வருஷம் பிப்ரவரி 3, நியூயார்க்கில் விழா. ஃபோர்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேரும் அறிவிப்பும் அன்றைக்குத்தான். திரை விலகிய அரை நிமிஷத்தில் அண்ணாச்சி சொன்னார்: “ஏ, இது போன வருசத்து வண்டில்லா! ஸ்டிக்கரத்தான் மாத்தி ஒட்டிருக்கான்.” ஸ்டிக்கர் விஷயத்தில் அவர் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் இல்லை. அந்தப் பருவத்தின் 22 பந்தயங்களில் 21-ஐ ஜெயித்த ஆர்பி19 எப்படி இருக்கும் என்று அந்த மேடையைப் பார்த்து யாராலும் தெரிந்துகொண்டிருக்க முடியாது.

ரெட் புல்லை மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம், ஜெயித்தவர்கள் என்பதால் நினைவில் நிற்கிறார்கள். கம்ப்யூட்டரில் வரைந்த படத்தைக் கொடுத்து வண்டி என்றவர்கள் உண்டு. புகையையும் நீல விளக்கையும் போட்டு, முன் மூக்கையும் ஸ்பான்சர் பெயரையும் மட்டும் காட்டியவர்கள் உண்டு. 2025 பிப்ரவரி 18 அன்று லண்டன் ஓ2 அரங்கில் பத்து அணிகளையும் ஒரே மேடையில் ஏற்றினீர்கள். எங்களுக்கு அது இரவு ஒன்றரை மணி. ஆட்டம், பாட்டு எல்லாம் அமர்க்களம்தான். ஆனால் விடிய விடிய உட்கார்ந்து பார்த்தது பத்து பெயிண்ட் வேலையை. யாருக்கு வேண்டுமானாலும் அல்வா கொடுங்கள், திருநெல்வேலிக்காரனுக்கே கொடுப்பது கொஞ்சம் ஓவர்.

மறைப்பதே தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. மெக்லாரன் அணி 2025-ல் தன் புது வண்டி எம்சிஎல்39-ஐ முதன்முதலில் சில்வர்ஸ்டோனில் ஓட்டியபோது, வளைவுகள் கண்ணுக்குத் தெரியாதபடி உடம்பெல்லாம் கோடு கோடாக மாறுவேஷம் பூசியிருந்தார்கள். மறைக்கிறோம் என்று காட்டிக்கொண்டே மறைத்தார்கள், அதில் ஒரு நேர்மை உண்டு. எங்கள் ஆட்கள் அந்தக் கோடுகளுக்கு நடுவே சைட்பாட், அதாவது டிரைவருக்கு இரண்டு பக்கமும் புடைத்து நிற்கிற உடம்பு, எங்கே உள்வாங்குகிறது என்று தேடித் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டார்கள், சந்தோஷமாகவே. 1975-ல் டிரெல் அணி ஆறு சக்கர வண்டியை லண்டனில் வெளியிட்டபோது, முன்னால் நாலு குட்டிச் சக்கரம் இருப்பது போர்வைக்கு மேலே தெரிந்துவிடக் கூடாது என்று, சாதாரணச் சக்கரம்போலத் தோன்றும்படி உள்ளே வளையம் வைத்துப் போர்த்தியிருந்தார்கள். போர்வையை எடுத்த நொடியில் அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள். கடைசி நிமிஷம் வரை மறைத்தார்கள், திறந்த பிறகு நிஜமானதைக் காட்டினார்கள். மறு வருஷம் ஸ்வீடனில் அந்த வண்டி முதலிடமும் இரண்டாமிடமும் வாங்கியது. விழா என்றால் அது விழா.

அசலைக் காட்டினால் நாங்கள் என்ன செய்வோம் என்று கேட்பீர்கள். அதைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும். ரசிகன் என்றால் நிறத்தைப் பார்த்துக் கைதட்டுகிறவன் என்று உங்கள் விளம்பரப் பிரிவு நினைத்துக்கொண்டிருக்கிறது.

படம் வந்ததும் அண்ணாச்சி முதலில் அது போட்டோவா, கம்ப்யூட்டரில் செய்ததா என்று பார்ப்பார். உடம்புத் தகடுகள் சேரும் இடத்தில் மயிரிழைக் கோடு இருக்கிறதா, திருகுகளின் தலை தெரிகிறதா, டயரின் பக்கவாட்டு எழுத்து வளைவோடு ஒட்டி வளைகிறதா, இடது பக்கப் படத்தையே கவிழ்த்து வலது பக்கமாகக் கொடுத்திருக்கிறார்களா. போட்டோதான் என்று தெரிந்தால் அடுத்து அளவு எடுப்பார். அவர் முறை ரொம்ப எளிது. 2022 முதல் 2025 வரை முன் டயர், பின் டயர் இரண்டுக்குமே விட்டம் 720 மி.மீ. பக்கவாட்டுப் படத்தை, பேனர் வரைகிற கோரல்டிரா மென்பொருளில் போட்டு, இரண்டு டயர் மேலும் வட்டம் வரைவார். இரண்டு வட்டமும் ஒரே அளவாக வந்தால், கேமரா தூரத்திலிருந்து நேராகப் பார்த்து எடுத்த படம், அதை நம்பி அளக்கலாம். முன் வட்டம் பெரிதாக வந்தால், மூக்குக்குப் பக்கத்தில் நின்று அகல லென்ஸில் எடுத்தது, அளந்து பிரயோஜனமில்லை. படம் தேறினால் 720-ஐ அளவுகோலாக வைத்து எல்லாவற்றையும் அளப்பார். சக்கரத்துக்குச் சக்கரம் எவ்வளவு, டிரைவர் முன் அச்சிலிருந்து எவ்வளவு பின்னால் உட்கார்ந்திருக்கிறார், சைட்பாட் வாய் எங்கே தொடங்குகிறது. உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள கணக்குக்குச் சில விரல்கடைதான் வித்தியாசம் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. நீங்கள் சரிபார்த்துச் சொன்னால் ரொம்ப மகிழ்வார்.

2022 பிப்ரவரி 17-ல் ஃபெராரி எஃப்1-75 வந்த இரவு எங்களுக்குத் திருவிழா. ஃபெராரி அன்றைக்கு அசலைக் காட்டியது. சைட்பாட்டின் மேல்பக்கம் குளியல் தொட்டியாகக் குழிந்து, அதன் மேல் செவுள் செவுளாக வெப்பம் வெளியேறும் வெட்டுகள். அண்ணாச்சி பக்கவாட்டுப் படத்தை மிச்சமிருந்த ஃப்ளெக்ஸ் துண்டில் ஆறடிக்கு அடித்துச் சுவரில் மாட்டிவிட்டார். அவரவர் மார்க்கர் எடுத்து, காற்று இப்படித்தான் போகும் என்று கோடு கிழித்தார்கள். மேலே குழிவு விட்டதால் சூடான காற்றும் மேலிருந்து இறங்குகிற காற்றும் எங்கே சேரும் என்று பெரிய சண்டை. பேனர் வாங்க வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார், கல்யாணப் பேனர் தயாரா என்று கேட்க வந்து, தங்கள் பங்குக்கு ஒரு கோடு கிழித்துவிட்டுப் போனார்கள். அந்தப் பருவத்தின் முதல் பந்தயம் பஹ்ரைனில். ஃபெராரி முதலிடமும் இரண்டாமிடமும். அசலைக் காட்டியதால் அவர்களுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. அப்புறம் அந்த வருஷம் போனபோக்கு வேறு கதை, அதற்குக் காரணம் சைட்பாட் இல்லை.

லேத் பட்டறை மச்சானுக்கு உடம்பைப் பற்றிக் கவலையில்லை. அவர் கண் நேராக சஸ்பென்ஷனுக்குப் போகும். சக்கரத்தின் அடிப்பக்கத்திலிருந்து கிளம்பி மேல்நோக்கி வண்டிக்குள் போகிற சாய்ந்த கம்பி என்றால் புஷ்ராடு. சக்கரத்தின் மேல்பக்கத்திலிருந்து கீழ்நோக்கிப் போனால் புல்ராடு. வெளியில் கிடக்கும் ஒரு கம்பிதான், ஆனால் ஸ்பிரிங்கும் மற்ற சாமான்களும் உள்ளே மேலே உட்காருமா, கீழே உட்காருமா என்பதையும், சைட்பாட் வாய்க்குப் போகிற காற்றின் குறுக்கே என்ன நிற்கும் என்பதையும் அந்தக் கம்பி சொல்லிவிடும். 2022-ல் ரெட் புல்லும் மெக்லாரனும் மட்டும் முன்பக்கம் புல்ராடு வைத்தார்கள். அதற்கு மேல் மச்சான் இன்னொன்று பார்ப்பார். முன் சக்கரத்தைத் தாங்கும் மேல் முக்கோணக் கையின் இரண்டு கால்களில், முன்கால் வண்டியில் உயரத்திலும் பின்கால் தாழ்வாகவும் சேர்ந்திருந்தால், பிரேக் பிடிக்கும்போது மூக்கு கவிழாது. மூக்கு கவிழாவிட்டால் தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி மாறாது. இடைவெளி மாறாவிட்டால் அடியில் ஓடுகிற காற்று தடுமாறாது. ரெட் புல்லின் சங்கதி வெளித்தோலில் இல்லை, இந்தச் சாய்வில்தான் இருக்கிறது என்று அவர் படித்துப் படித்துச் சொல்வார். இதைப் பார்க்க அவருக்கு வேண்டியது முன்பக்கத்திலிருந்து எடுத்த ஒரே ஒரு தெளிவான படம். நீங்கள் அந்த இடத்தில்தான் சரியாகப் புகை போடுகிறீர்கள்.

காற்றாலைத் தம்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பி வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றின் இறக்கைகளில், அடிப்பகுதிக்குப் பக்கத்தில், விரல் உயரத்துக்கு வரிசையாகச் சின்னச் சின்னத் துடுப்புகள் ஒட்டியிருப்பார்கள். காற்று இறக்கையின் மேல்தோலை விட்டுப் பிரிந்து போகாமல், அந்தத் துடுப்பு ஒரு சுழலை உண்டாக்கித் தோலோடு ஒட்ட வைக்கும். கயிற்றில் தொங்கிக்கொண்டு இறக்கையைச் சரிபார்க்கிற வேலை அவனுக்கு. அதனால் உங்கள் வண்டியின் ஃப்ளோர், அதாவது அடித்தட்டு, அதன் வாயில் செங்குத்தாக நிற்கும் தடுப்புகளைப் பார்த்ததும், “அண்ணே, இது எங்க துடுப்போட பெரிய அண்ணன்” என்றான். அந்தத் தடுப்புகள் கிளப்புகிற சுழல்கள்தான் ஃப்ளோர் ஓரத்தில் வெளிக்காற்று உள்ளே புகாமல் காவல் காக்கின்றன என்று படம் போட்டு விளக்கினான். 2022 பார்சிலோனா சோதனையில் வண்டிகளெல்லாம் நேர்ப்பாதையில் குதிகுதியென்று குதித்தபோது, டிவி விமர்சகர்களைவிட இவன் சொன்னது எங்களுக்கு நன்றாகப் புரிந்தது. உறிஞ்சல் கூடக் கூட வண்டி தாழ்கிறது. தாழ்ந்து தாழ்ந்து இடைவெளி நெருக்கிவிட்டால் காற்றோட்டம் அறுந்துவிடும். அறுந்ததும் வண்டி எழும்பும், எழும்பினால் காற்று மறுபடி ஓடும், மறுபடி இழுக்கும்.

வாத்தியாருக்குப் படமே தேவையில்லை. சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பு தொழில்நுட்ப விதிகளைப் பொதுவில் வெளியிடுகிறது, அவர் அதை அச்செடுத்து, பைண்டு போட்டு வைத்திருக்கிறார். 2026 விதிகளை அப்படித்தான் எங்களுக்குப் பாடம் நடத்தினார். அகலம் 2,000 மி.மீ.-லிருந்து 1,900. முன், பின் சக்கர இடைவெளி அதிகபட்சம் 3,600-லிருந்து 3,400. மின் மோட்டாரின் சக்தி 120 கிலோவாட்டிலிருந்து 350. காற்று ஓடுகிற அடிப்பக்கத்துச் சுரங்கங்கள் போய், பெரும்பாலும் தட்டையான ஃப்ளோர். பின்சிறகு மட்டும் திறந்த பழைய ஏற்பாடு போய், முன்சிறகும் பின்சிறகும் சேர்ந்து அசையும். “விதி எங்க இடம் விட்டிருக்குன்னு பாரு, அங்கதான் இவங்க கை வைப்பாங்க” என்பது அவர் பாடத்தின் சாரம். இப்படிப்பட்ட மாற்றம் வருகிற வருஷத்தில்தான் அசலைப் பார்க்க ஆசை அதிகம். நீங்களோ 2026 ஜனவரிக் கடைசியில் பார்சிலோனாவில் வைத்த முதல் ஓட்டத்துக்கு ரசிகர்களையும் பத்திரிகைக்காரர்களையும் உள்ளேயே விடவில்லை.

எதிரணிக்காரன் காப்பியடித்துவிடுவான் என்று சொல்வீர்கள். இந்தப் பதிலை எங்களால் ஏற்க முடியவில்லை. எதிரணியை வேவு பார்க்க என்றே பிட் பாதையில் போட்டோக்காரர்களை நிறுத்துவது உங்கள் வழக்கம்தான். 2020-ல் ரேசிங் பாயிண்ட் அணி, முந்தின வருஷத்து மெர்சிடிஸை அப்படியே உரித்து வைத்த மாதிரி ஆர்பி20 என்ற தன் வண்டியைக் கொண்டுவந்தது. போட்டோ பார்த்தே செய்தோம் என்றார்கள். விசாரணையில் 15 புள்ளியும் 4 லட்சம் யூரோவும் போனது பின் பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகிற குழாய்க்காக, அதுவும் அந்த வடிவம் மெர்சிடிஸிலிருந்தே வந்திருந்ததால். ஆக, காப்பியடிக்கிறவனுக்குப் படம் எப்படியும் கிடைக்கும். முதல் வாரத்தில் கிடைக்காமல் போவது எங்களுக்கு மட்டும்தான்.

நாள் கொஞ்சம் போனால் எங்களுக்கும் கிடைத்துவிடுகிறது, அது வேறு விஷயம். 2023 மொனாக்கோவில் மெர்சிடிஸ் ஓட்டிய ஹாமில்டனும் ரெட் புல் ஓட்டிய பெரேஸும் சுவரில் மோதியபோது கிரேன்காரர் வண்டிகளை ஆகாயத்தில் தூக்கினார். மெர்சிடிஸின் அடிவயிறும் ரெட் புல்லின் அடிவயிறும் பளிச்சென்று படமாகிவிட்டன. இரண்டு ஃப்ளோரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ரெட் புல்லில் எத்தனை மேடு பள்ளம், எவ்வளவு யோசனை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. அண்ணாச்சி அன்றைக்கு அந்த முகம் தெரியாத கிரேன்காரருக்கு டீ சொல்லச் சொன்னார்.

வெளியாள் கண்ணை லேசாக நினைக்காதீர்கள் என்பதற்கு உங்கள் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1997-ல் டேரன் ஹீத் என்ற போட்டோக்காரர், மெக்லாரன் வண்டி வளைவை முடித்து வேகமெடுக்கும் நேரத்தில் பின் பிரேக் சிவந்து எரிவதைத் தன் படத்தில் கவனித்தார். ஆக்சிலரேட்டர் மிதிக்கும் இடத்தில் பிரேக் ஏன் எரிய வேண்டும்? நூர்பர்க்ரிங் பந்தயத்தில் அந்த வண்டி பழுதாகி ஓரத்தில் நின்றபோது கேமராவைக் காக்பிட்டுக்குள் விட்டுப் படமெடுத்தார். கால் வைக்கும் இடத்தில் கூடுதலாக ஒரு பெடல். பின்சக்கரங்களில் ஒன்றை மட்டும் பிடிக்கிற பிரேக். மறு வருஷம் பிரேசிலில் அதற்குத் தடை வந்தது. 2020 பார்சிலோனாவில் ஹாமில்டன் நேர்ப்பாதையில் ஸ்டியரிங்கைத் தன் பக்கம் இழுப்பதை வண்டியிலேயே இருக்கும் ஆன்போர்டு கேமராவில் பார்த்து, முன் சக்கரங்களின் கோணம் மாறுவதை உலகம் முழுக்கச் சாதாரண ஆட்கள்தான் வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு மெர்சிடிஸுக்குக் கிடைத்த பேச்சை எந்த விளம்பரக் கம்பெனியும் காசு வாங்கிக்கொண்டு செய்து தந்திருக்க முடியாது.

உங்கள் பக்கத்து நியாயமும் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. மாதிரி வண்டி மேல் காற்றை ஊதிச் சோதிக்கிற காற்றுச் சுரங்கத்தில், அசலின் அளவில் 60 சதவீதத்துக்கு மேல் மாதிரி வைக்கக் கூடாது, நேரமும் அளந்துதான் தருகிறார்கள், ஜெயித்த அணிக்கு இன்னும் குறைவு. செலவுக்கும் உச்சவரம்பு. பாகங்கள் கடைசி நாளில்தான் மோல்டிலிருந்து வெளிவருகின்றன. விழா நாளில் வண்டி தயாராக இல்லை என்பது பெரும்பாலும் நிஜம். பட்டறைக்காரருக்கு டெலிவரி தேதி என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டாம். 2022-ல் மெர்சிடிஸ் பிப்ரவரியில் காட்டிய வண்டிக்கும், மார்ச்சில் பஹ்ரைனில் சைட்பாட்டே இல்லாத மாதிரி கொண்டுவந்ததற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதில் எங்களுக்கு வருத்தமில்லை, முதலில் காட்டியதும் நிஜமாக ஓடிய வண்டிதான். வடிவம் மாறும், மாறத்தான் வேண்டும்.

எங்கள் அக்கா மகள் சொல்வது வேறு. அவள் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து ஃபார்முலா ஸ்டூடண்ட் வகைப் போட்டிக்கு வண்டி கட்டுகிறார்கள். அந்தப் போட்டியில் மொத்தம் 1,000 புள்ளி, அதில் 150 வடிவமைப்புக்கு. நடுவர்கள் வண்டியைச் சுற்றி வந்து, இந்தக் கம்பி ஏன் இங்கே, இந்த பிராக்கெட் ஏன் இத்தனை மில்லிமீட்டர் என்று கேள்வி கேட்பார்கள். ‘அழகுக்கு’ என்று பதில் சொன்னால் புள்ளி போய்விடும். “மாமா, நாங்க ஒரு வெல்டிங்குக்கே காரணம் சொல்லணும். அவங்க ஒரு வண்டியையே காட்டாம கைதட்டல் வாங்கிட்டுப் போறாங்க” என்றாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை, உங்களிடம் இருந்தால் அவளுக்கு எழுதுங்கள். அவள் அணியில் வெல்டிங் முகமூடி போட்டு நிற்கிற பிள்ளைகள்தான் நாளைக்கு உங்களிடம் வேலை கேட்டு வரப்போகிறவர்கள்.

கேட்கிற காரியம் நடக்க முடியாத ஒன்றும் இல்லை என்பதற்கு ஒரு முன்மாதிரி சொல்கிறேன். 2022-லிருந்து ஒவ்வொரு பந்தய வாரமும் வண்டியில் புதிதாக எந்தப் பாகம் மாற்றினீர்கள், எதற்காக மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதிக் கொடுக்கிறீர்கள், கூட்டமைப்பு அதைப் பொதுவில் வெளியிடுகிறது. வாத்தியார் அதையும் பைண்டு போட்டு வைத்திருக்கிறார். முன்சிறகின் ஓரத்தை ஒரு விரல் மாற்றினால்கூட அதில் ஒரு வரி இருக்கும். அதனால் இரகசியம் ஒன்றும் கொள்ளை போய்விடவில்லை. விழா நாளன்றும் அப்படி ஒரே ஒரு பக்கம் கொடுங்கள். மேடையில் நிற்பது இந்த வருஷத்து உடம்பா, போன வருஷத்து உடம்பா, மாதிரி வண்டியா. எந்தப் பாகம் தற்காலிகம். படம் என்றால் போட்டோவா, கம்ப்யூட்டரில் வரைந்ததா. மாதிரி வண்டி என்று எழுதினால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். நிறத்தைப் பார்த்துவிட்டுப் படுத்துத் தூங்குவோம், பார்சிலோனாவுக்கோ பஹ்ரைனுக்கோ காத்திருப்போம்.

அப்புறம் அண்ணாச்சியின் தனி விண்ணப்பம் ஒன்று. பக்கவாட்டிலிருந்து ஒரு படம், முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று. கேமரா சக்கரத்தின் மையத்து உயரத்தில் இருக்கட்டும், தூரத்தில் நின்று எடுக்கட்டும், வெள்ளைச் சுவர் பின்னணி போதும். புகை வேண்டாம். ஆறடிக்குப் பெரிதாக்கினாலும் உடையாத அளவுக்குக் கொடுத்தால் உத்தமம்.

இந்த மடலின் நகல் ஒன்றைக் கூட்டமைப்பின் தொழில்நுட்பப் பிரிவுக்கும் அனுப்புகிறோம். விழா எப்படி நடத்துவது என்பது அணிகள் பாடு என்று அவர்கள் கைகழுவலாம். பந்தய வாரத்துக்கு விதி போட முடிந்தவர்களுக்கு விழா நாளுக்கு ஒரு வரி சேர்க்க முடியாதா என்று வாத்தியார் கேட்கிறார். எந்தப் பிரிவில், எந்த உட்பிரிவுக்குக் கீழே சேர்க்கலாம் என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார், தேவைப்பட்டால் அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
சமாதானபுரம் ஃப்ளெக்ஸ் கடையில் கூடும் ரசிகர்கள் சார்பில்,
ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன்,
பாளையங்கோட்டை.

பி.கு.: விழாவை உங்கள் ஊர் மதிய நேரத்தில் வைத்தால் எங்களுக்கு மாலையாக இருக்கும். கடையை ஒரு மணி நேரம் முன்னால் அடைத்துக்கொள்வோம். காற்றாலைத் தம்பிக்கும் பணகுடிக்குக் கடைசி பஸ் கிடைக்கும்.